ஒரு மூடி சாராயம்

தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துவிட்டார்கள். வேலைக்குப் பேர் கொடுக்க லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தது. மீனம்மா மட்டும் தன் வீட்டு வாசலை மறித்து நின்றாள்.

“முனியாண்டி பூசைக்கு வச்ச சாராயம் எங்கடி? போத்தல்ல பாதியக் காணோமே!” கணவன் பொன்னையாவின் குரல் பக்கத்து வீட்டுக் காம்பராவரை கேட்டது.

“நான்தாங்க... கொட்டிட்டேன்.”

“சாமிக்கு வச்சதையா? இனிமே இங்க ஒனக்கு என்ன வேலை? கந்தப்பளைக்கே போயிரு, ஒங்க அண்ணங்கிட்ட!”

அவள் அழவில்லை. அவளுடைய பயமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. மூலையில் பதினைந்து வயது மகன் அழகன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டிருந்தான். விடியலில் அடுப்படியில் அவன் வாயிலிருந்து வந்த வாடை அவளுக்கு மட்டுமே தெரியும். சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். சொல்லாவிட்டால்... ஈரம் காயாத அந்தச் செங்குத்து மலையில், அந்தக் கத்தியோடு!

“தம்பி இன்னைக்கு வேலைக்கு வரலங்க. காய்ச்சல்.”

“நேத்து மூணு ரொட்டி தின்னவனுக்கா காய்ச்சல்? டேய், கெளம்புடா!”

அழகன் ஓரடி வைத்தான். கால் பின்னியது. கத்தி நழுவி மீனம்மாவின் பாதத்தருகே விழுந்தது.

பொன்னையா மகன் முகத்தருகே குனிந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை ஓங்கினார்... மீனம்மா குறுக்கே பாய்ந்தாள்.

“என்னைய அடிங்க! இவனுக்குப் பத்து வயசுல, பூசை முடிஞ்சு நீங்க ஒரு மூடி ஊத்திக் குடுத்தப்ப, ஆம்பளப்புள்ளன்னு சிரிச்சவ நான்தானே!”

“மழையில நனைஞ்சு வந்தாலும் குடுத்தீங்களேப்பா... குளிர் விட்டுரும்னு,” அழகன் விம்மினான். “இப்ப ஒரு மூடி பத்தலப்பா... நான்தான் குடிச்சேன். அம்மா கொட்டல.”

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. பொன்னையா கத்தியைப் பொறுக்கிச் சுவரில் மாட்டினார். பிறகு போத்தலை மனைவியிடம் நீட்டினார்.

“இந்தா... மிச்சத்தையும் கொட்டிரு, மீனம்மா.”

“நான் கொட்டுனா மறுபடி வாங்குவீங்க. நீங்களே கொட்டுங்க. புள்ள பாக்கட்டும்.”

லயத்துச் சாக்கடைக் கானில் அவர் போத்தலைக் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக் காளியாயி பதறினாள். “அய்யய்யோ, முனியாண்டி கோவிச்சுக்கப் போறாரு அண்ணே!”

“எங்கிட்டயே கோவிச்சுக்கட்டும். இந்த வருசம் அவருக்கு எளநிதான்.”

அவர் விரல்களுக்கிடையில் மூடி மட்டும் மிஞ்சியிருந்தது.

“அதையும்,” என்றாள் மீனம்மா.

அவர் வீசி எறிந்தார். அப்போதுதான் அவள் மகனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.