ததேயுவைத் தேடிப் போன ஹெலிகாப்டர்

"போய்ச் சேர எண்ணெய் இருக்கு. திரும்பி வரத்தான் இல்லை!" என்றார் கேப்டன் சாகுல், வரைபடத்தை மடக்கியபடி.

புயலில் கவிழ்ந்த ஒரு விசைப்படகின் முதுகில் நாலு மீனவர்கள் தொற்றிக்கொண்டிருப்பதாக ஒரு சரக்குக் கப்பல் தகவல் சொல்லியிருந்தது. அலையின் சீற்றத்தில் கப்பலால் நெருங்க முடியவில்லை. கன்னியாகுமரிக் கரையில் இருந்த இந்த ஒரு ஹெலிகாப்டரிலோ அவ்வளவு தூரம் போய்த் திரும்ப எண்ணெய் கொள்ளாது.

வாசலில், புயலில் கரை திரும்பாத மீனவர்களின் வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அழக்கூட இல்லை, ஹெலிகாப்டரின் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் ஜெனோவாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"கேப்டன், கிடங்கில் ரப்பர் டேங்க் இருக்கு. பின்சீட்டைக் கழற்றிட்டு அதை உள்ளே கட்டுவோம். பறக்கும்போதே மெயின் டேங்குக்கு எண்ணெய் ஏற்றலாம். காலியானால் சுருட்டி வைக்கலாம், ஆட்களுக்கும் இடம் கிடைக்கும்!"

"பம்ப் நின்னா?"

"கையால் அடிக்கிறேன்."

சாகுல் அவளை ஒரு கணம் பார்த்தார். "சீட்டைக் கழற்று!"

வெளிச்சம் பரவும் முன்பே கிளம்பினார்கள். கயிற்றில் இறங்கி ஆட்களைத் தூக்கும் தாணுமாலயன் கதவோரம் குந்தியிருந்தார். நடுவில், ஊதிப்போன யானைக்குட்டி போல எண்ணெய்ப் பை குலுங்கியது.

கரை மறைந்து வெகுநேரம் கழித்து, பம்ப் ஒருமுறை இருமி அடங்கியது!

"ஜெனோவா, இப்போ திரும்பினால்தான் கரை. சொல்லு!" என்றார் சாகுல்.

அவள் பம்பின் பக்கம் குனிந்தாள். கைப்பிடியை மாட்டி அடிக்கத் தொடங்கினாள். முதலில் தோள் எரிந்தது. பிறகு உள்ளங்கைத் தோல் உரிந்தது. எண்ணெய் நெடி தலையைச் சுற்ற வைத்தது. "விடு பிள்ளே, நான் கொஞ்சம் அடிக்கேன்" என்று தாணு கைமாற்றினார். மாறி மாறி அடித்தார்கள். எண்ணெய் முள் மெல்ல மேலேறியது. பை சுருங்கித் தரையோடு ஒட்டியது.

"அதோ!" என்று தாணு கத்தினார்.

நீல அடிப்பாகம் அலையில் ஏறி இறங்கியது. அதன் மேல் நாலு பேர் இல்லை, ஐந்து பேர்! வழியில் மிதந்து வந்த வேறொரு படகுக்காரனையும் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

தாணு இறங்கினார். ஒருவர், இருவர், மூவர், நால்வர் மேலே வந்தார்கள். ஹெலிகாப்டர் திணறியது.

"நாலு பேருக்குத்தான் கணக்குப் போட்டேன்" என்றார் சாகுல்.

கீழிருந்து தாணுவின் குரல் ரேடியோவில் வந்தது. "படகு ஓட்டின ததேயு ஏற மாட்டேங்காரு. பாரம் தாங்காதுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. உங்களைப் போகச் சொல்லுதாரு!"

ஜெனோவா சுற்றிலும் பார்த்தாள். ரப்பர் பையின் கட்டுகளை அறுத்து வெளியே தள்ளினாள். அதைக் கட்டியிருந்த இரும்புச் சட்டம் போனது. பம்ப் போனது. கடைசியாக, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தன்னோடு இருந்த கருவிப் பெட்டி. ஒரு விநாடி தயங்கினாள். அதையும் உதைத்தாள்.

"இப்போ தூக்குங்க கேப்டன்! வரலைன்னா கட்டித் தூக்கச் சொல்லுங்க!"

ததேயு நனைந்த மூட்டையாக உள்ளே வந்து விழுந்தார். பின்னாலேயே தாணுவும் ஏறினார்.

திரும்பும் வழியில் எல்லார் கண்ணும் எண்ணெய் முள்ளின் மேல். சிவப்பு விளக்கு எரிந்தபோது எதிரே தென்னை மரங்கள் தெரிந்தன. கரையைத் தொட்டதும் எஞ்சின் அடங்கியது. பெண்கள் ஓடிவந்தார்கள்; இப்போதுதான் அழுதார்கள்.

"எனக்காக எல்லாத்தையும் கடலில போட்டியே மோளே" என்றார் ததேயு.

"அதைச் சுமந்து போனதாலதான் உங்ககிட்ட வர முடிஞ்சுது அண்ணாச்சி. தூக்கிப் போட்டதாலதான் கரைக்கு வர முடிஞ்சுது" என்று ஜெனோவா சிரித்தாள். பிறகு, புண்ணான கைகளைக் கழுவத் தண்ணீர் கேட்டாள்.

ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தோடு வந்து நின்றார்கள்.