குளிர்ந்த கொடி

தெவசத்துக்கு இலை போட்டாயிற்று. அமுதத்தின் படத்துக்கு மாலை சாற்றி, அவளுடைய முறுக்குச் சங்கிலியையும் அதன்மேல் போடுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சங்கிலி இல்லை.

1936, ஐப்பசி. அபிஷேகப்பாக்கம். காலை எட்டு மணி.

பாகூரிலிருந்து பிரிகாதியே தணிகைவேல் ஒரு சிப்பாயோடு மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்து சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. நாலு சிப்பாய்களை மேய்க்கும் போலீஸ்காரருக்குப் பிரெஞ்சு சர்க்கார் வைத்த பெயர் பிரிகாதியே. கத்தியோடு வருபவனைக் கண்டால் மனிதர் அசையமாட்டார். பேய் என்றால் மட்டும் பயம். அது அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வேலியோரம் ஊமத்தை புதராக மண்டிக் கிடந்தது. சில காம்புகளில் காயைப் பறித்த தடம் ஈரமாக இருந்தது. குழந்தைகள் இல்லாத வீட்டில் இதை யார் பறிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

வீட்டுக்குச் சொந்தக்காரி ருக்குமணி, செத்துப்போன அமுதத்தின் தாய், விதவை. ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. அவள் கொழுந்தன் ஆதிமூலம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி விஜயகுமாரி கஞ்சியும் கஷாயமும் கொடுக்கிறாள். பெருக்கித் துடைக்கக் கலியம்மாள் வருவாள்.

"சாவி எங்கே இருந்துச்சு?"

"அண்ணி தலையணைக்கு அடியில," என்றார் ஆதிமூலம். "எல்லாப் பெட்டியும் கொட்டிப் பாத்தாச்சு. பரணையும் தேடியாச்சு. நாங்க யாரும் வாசல் தாண்டல. தினம் தன் வூட்டுக்குப் போறவ இவ ஒருத்திதான்!"

கலியம்மாள் தூணோடு ஒட்டிக்கொண்டாள். "சாமி சத்தியமா நான் எடுக்கலீங்க. என்னைப் புதுச்சேரி ஜெயிலுக்கு இட்டுனு போயிட்டா எம் புள்ளைங்க கதி இன்னா ஆவும்?"

தணிகைவேலுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து விட்டுவிட்டால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் வேறு வழி தெரியாவிட்டால் அவளைக் கூட்டிப்போகத்தான் வேண்டும்.

நோயாளியின் அறையில் பகலிலும் விளக்கெரிந்தது. ஜன்னலைச் சாத்தி வேப்பிலைப் புகை போட்டிருந்தார்கள். ருக்குமணியின் மேல் கனத்த போர்வை ஒன்று கிடந்தது. பழைய பட்டுப்புடவைத் துண்டுகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தது. அதன் மேல் இரண்டு ஓரமும் தடித்த சிவப்பு நூலால் தைத்த கொடிகள் புடைத்துக்கொண்டு ஓடின. சாவதற்கு முன் அமுதம் தன் கையால் செய்தது.

ருக்குமணி கண் திறந்தாள். கருமணி கண் முழுக்க விரிந்திருந்தது. விளக்கு பட்டும் அது சுருங்கவில்லை.

"எம் பொண்ணு வந்துட்டா," என்றாள். உதடு வறண்டு ஒட்டிக்கொண்டது. "இந்தக் கொடியைத் தடவினா அவ விரலு மாதிரி இருக்கும். இப்போ ஜில்லுனு கீது. ராவுல போர்வையை இந்தப் பக்கமா இழுக்கிறா. கூட வாம்மான்னு கூப்பிடறா."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வை இடப்பக்கமாக மெல்ல நழுவியது. யாரும் தொடவில்லை.

தணிகைவேலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாசலில் சிப்பாய் நிற்கிறானே என்ற வெட்கத்தில் நின்றார். இடப்பக்கத்துக் கொடியைத் தொட்டார். குளிர்ந்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள விடாமல் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது கைச்சூட்டுக்குச் சூடாகிவிட்டது. வலப்பக்கத்துக் கொடியைத் தொட்டுப் பார்த்தார். அதில் குளிரே இல்லை.

பிடித்தால் சூடாகிற பேயை அவர் கேள்விப்பட்டதில்லை.

வெளியே வந்து விஜயகுமாரியைக் கேட்டார். "இவ்ளோ தடிமனான நூல் எப்படிம்மா ஊசியில நுழையுது?"

"நுழையாதுங்க. நூலை மேலாப்புல படுக்க வெச்சு, சன்னப் பட்டுநூலால குறுக்கே குறுக்கே கட்டித் தைக்கணும். நானும் அமுதமும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம்."

"போர்வையை யாராவது பழுது பாத்தீங்களா?"

"ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. அக்கா பக்கத்துல உக்காந்தே தைச்சேன். அதை வெளியே எடுத்துனு போக அவங்க வுடமாட்டாங்க."

தணிகைவேல் ஆதிமூலத்திடம் திரும்பினார். "ஒரு கெட்ட கேள்வி. அண்ணி தவறிட்டா இந்தப் போர்வை என்ன ஆகும்?"

"செத்தவங்க படுத்ததை வூட்ல வெப்பாங்களா? பாய், தலகாணி, போர்வை எல்லாம் அன்னிக்கே சுடுகாட்டு வேலியில போட்டுடுவோம். எவன் தொடுவான்?"

மாலை விளக்கு வைக்கிற நேரம். விஜயகுமாரி கஷாய டம்ளரோடு அறைக்குள் நுழைந்தாள். ருக்குமணியின் வாயருகே அது போனபோது தணிகைவேல் கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறும்மா."

பிளேடால் இடப்பக்கத்துக் கொடியின் கட்டு நூலை அறுத்தார். மேலே சுற்றியிருந்த சிவப்புப் பட்டு பிரிந்தது. உள்ளே விளக்கொளியில் தங்கம் மின்னியது. கலியம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"படுக்க வெச்சுக் கட்டறதுன்னா நூலையும் கட்டலாம், சங்கிலியையும் கட்டலாம்," என்றார் தணிகைவேல். "தங்கம் தொட்டா குளிரும். ஒரு பக்கம் கனம் கூடினதால போர்வை அந்தப் பக்கமா சரிஞ்சுது. நீங்க பெட்டியெல்லாம் தேடினீங்க. எல்லார் கண்ணு முன்னாலயும் கிடந்த போர்வையைத் தொடல, ஏன்னா பேய்னு பயம். நானும் பயந்தவன்தான். கலியம்மாளுக்கு ஊசி பிடிக்கத் தெரியுமான்னு கேக்கவே தேவையில்ல. பழுது பாத்தது யாருன்னு அவங்களே சொன்னாங்க."

"விஜயா?" என்றார் ஆதிமூலம்.

"திருட்டு மட்டும்னா நான் இவ்ளோ பதறமாட்டேன். இந்தப் போர்வை வாசல் தாண்டணும்னா இந்தம்மா சாகணும். அப்போ ஒளிச்சு வெச்சவங்க எதுக்குக் காத்திருந்தாங்க? கண்ணு விரிஞ்சு கிடக்குது, வாய் வறளுது, வேலியில ஊமத்தங்காயை யாரோ பறிச்சிருக்காங்க. அது உள்ள போனா இப்படித்தான் ஆகும்." அவர் டம்ளரைக் காட்டினார். "ஒரு வாய் நீங்க குடிங்கம்மா."

விஜயகுமாரி டம்ளரைப் பார்த்தாள். குடிக்கவில்லை.

"ஒரே ஊசியிலதான் ரெண்டு பேரும் கத்துக்கிட்டோம்," என்றாள் மெதுவாக. "அவளுக்குத்தான் பட்டு, அவளுக்குத்தான் சங்கிலி. செத்த பிறகும் அவளுக்குத்தான் மாலை. எனக்கு இந்த வூட்ல கஷாயம் காய்ச்சற வேலை."

சிப்பாய் டம்ளரை வாங்கி மூடி வைத்தான். அவளை அழைத்துப் போகும்போது ஆதிமூலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாகூர் டாக்டருக்கு ஆள் பறந்தது.

ருக்குமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

"அப்போ எம் பொண்ணு வரலையா?"

விசாரணையில் பொய் சொல்கிறவர்களைத் தணிகைவேலுக்கு அறவே பிடிக்காது.

"வந்தாங்கம்மா," என்றார். "கொடி குளிரலன்னா நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

கலியம்மாள் இளநீரை வெட்டிக்கொண்டு வந்தாள். ருக்குமணி கொடி இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, அது போன வழியிலேயே மெல்லத் தடவினாள்.

"இப்போ சூடா கீது," என்றாள்.