சிரிப்பில் ஒட்டிய இடம்

மகள் சிரித்து முடித்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வானொலி நிலையத்தில் வருடக்கணக்காக ஒலியை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு அது என்னவென்று தெரியாதா? ஒரு ஒலித்துண்டின் வாலை அதன் தலையோடு இழைக்காமல் சேர்த்தால் மூட்டில் தெறிக்கிற சத்தம். அது ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரக்கூடாது.

துவைத்த துணியின் ஈரவாடையும், அடுப்பில் பொங்கி வழிந்து தீய்ந்த பாலின் நாற்றமும் கூடத்தில் கலந்து நிற்க, அதே சிரிப்பு தம்பியின் அறையிலிருந்தும் வருவதை அப்போதுதான் கவனித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கம்ப்யூட்டர் திரையில் அவள் மகள், பொம்மையை மேலே எறிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுடா எடுத்த?"

"சும்மா குட்டி வீடியோக்கா. திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப் போட்டு சேனல்ல விட்டிருக்கேன். காலைலேருந்து ஓடுது."

"உன் சேனலுக்கு எம் பொண்ணுதான் கிடைச்சாளா? வெக்கமா இல்ல? ஒட்டுன இடத்தக்கூட ஒழுங்கா இழைக்கல!"

எதற்கும் வாயடிக்கிறவன், நகத்தைக் கடித்துக்கொண்டு கூடத்தையே பார்த்தான். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

கூடத்தில் மகள் பொம்மையை எறிந்தாள். அது தரையில் விழுந்தது. சிரித்தாள். டப். பொம்மை மறுபடி அவள் கையில் இருந்தது. குனிந்து எடுக்கவே இல்லை.

ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்தாள். "பாப்பா, அம்மாவப் பாரு." கண்கள் அவளைத் தாண்டி, காலையில் தம்பி செல்போனைப் பிடித்து நின்ற இடத்தைப் பார்த்தன. டப்.

தம்பியின் அறைக்குத் திரும்பி வந்து, சுவரில் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடித்தாள்.

"அக்கா, வேணாம்! நானும் நிறுத்திப் பாத்தேன்..."

பிடுங்கிவிட்டாள்.

வீடு அமைதியானது. கூடத்தில் பொம்மை அந்தரத்தில் நின்றது. மகளின் வாய் திறந்தபடி இருந்தது. மார்பு அசையவில்லை.

"மூச்சு விடலக்கா. போடுக்கா, சீக்கிரம்!"

"தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் சும்மா இருந்த? பாவி!"

பிளக்கைச் சொருகினாள். திரை கறுப்பு. அவன் விரல்கள் கீபோர்டில் தட்டுத் தடுமாறின. மகளின் உதடு நீலமானது. இன்னும் கறுப்பு. உதடு கறுத்தது.

சிரிப்பு.

டப்.

பிளக் துளையிலிருந்து நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் அதைச் சுவரோடு அழுத்தினாள். கையெட்டும் தூரத்தில் தம்பியின் கழுத்து. நெரித்துப் போடவேண்டும் போலிருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

சிரிப்பு. டப். சிரிப்பு.