பொம்மைக்குப் போர்த்திய கோட்டு

“ஏம்மா, அந்தப் பொம்பளைய மடியில வெச்சுக்கினு உக்காரக் கூடாதா? அதுக்கு இன்னா, தனியா டிக்கெட் எடுத்துக்கிறியா?”

“எடுத்துக்கிறேன் சார்! லக்கேஜ் டிக்கெட்டு. காட்டட்டுமா?”

“லக்கேஜ்னா மேல வையி. ஜன்னலோரமா உக்கார வெச்சு காத்து வாங்க உட்டுக்கிற?”

“மேல வெச்சா கழுத்து ஒடிஞ்சிடும்.”

“கழுத்தா? அதுக்குத் தலையே இல்லையேம்மா!”

பெட்டியே சிரித்தது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலை நேரத்தில் ஒரு நல்ல சண்டை கிடைத்தால், நம் ஜனங்கள் செல்போனைக்கூட மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். நியாயம்தானே... எதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

சண்டைக்குக் காரணமான அம்மணிக்குத் தலையும் இல்லை, கையும் இல்லை. பஞ்சு அடைத்த துணி உடம்பு, ஒற்றைக் கால். தையல்காரர்கள் துணி போட்டுப் பார்க்கும் டம்மி. மீஞ்சூரில் இழுத்து மூடிய ஒரு தையற்கடையில் விலைக்கு வந்தது. “வரும்போது அப்படியே எடுத்துட்டு வந்துடு சாரா” என்று கல்பனா மேடம், கொத்தமல்லிக் கட்டு வாங்கி வரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். மேடம் சொன்னால் இன்டர்ன் செய்யத்தானே வேண்டும்?

இந்த இன்டர்ன் என்பது என்ன உத்தியோகம் என்று மீஞ்சூரில் யாருக்கும் விளங்கவில்லை. சாராள் ஃபேஷன் டிசைன் டிப்ளமோ முடித்தவள். சிப்காட்டுக்கு வெளியே, மாடியில் நாலு மெஷினும் ஒரு கட்டிங் டேபிளும் வைத்து மேடம் நடத்தும் சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தாள். நூல் நறுக்கினாள். பட்டனுக்கு நிறம் தேடினாள். தைத்த டாப்பைத் தானே போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். பக்கத்து இரும்புக் கம்பெனிகளின் கரி படிவதற்குள், மொட்டை மாடியில் காயும் வெள்ளைத் துணிகளை ஓடி ஓடி எடுத்தாள். “அப்பன் இரும்பு காய்ச்சுறான், பொண்ணு பொம்மைக்குச் சட்டை மாட்டுதாம்” என்று தெரு சிரித்தது.

தெரு சிரித்தால் சிரிக்கட்டும். மேடம் போட்டிருந்த நிபந்தனைதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. பொங்கலுக்குள் அவள் கற்பனையில் ஒரு டிரெஸ், கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கிற மாதிரி வர வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஒரு சர்டிபிகேட், ஒரு கைகுலுக்கல். அதற்குப் பிறகு, அப்பா பேசி வைத்திருக்கும் கெமிக்கல் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன். அப்புறம் அவர் பேசி வைக்கப்போகும் மாப்பிள்ளை.

‘ரெண்டுக்கும் போகப் போறதில்ல’ என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

சரி, சண்டை போட்டவன் யார்? துளசிராமன். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவன் சிப்காட்டில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கருநீலக் கோட்டு, மார்பில் நூலால் தைத்த பெயர், சண்டை போடும்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் கண்கள்... இடம் கிடைக்காதவன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னாலேயே நின்றான்.

முதல் பார்வை கண்ணில் விழுவதுதான் ஊர் வழக்கம். நம்ம சாராளின் பார்வை விழுந்தது, அவன் அக்குளில்.

சும்மா சொல்லக் கூடாது, தொழில் பக்தி. கம்பியைப் பிடித்து நின்ற அத்தனை பேரையும் அவள் தினமும் பார்க்கிறவள். கை மேலே போனால் சட்டை வெளியே வரும். பெண்களின் டாப்பு இடுப்புக்கு ஏறும். ஒரு கை கம்பியில், இன்னொரு கை டாப்பை இழுத்துவிடுவதில். இவன் கோட்டு மட்டும் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ‘எப்படி?’

“இன்னா பாக்குற?” என்றான் அவன்.

“ஒண்ணுமில்ல” என்றாள். காது மட்டும் சிவந்தது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை... கேட்டுக்கொண்டா வருகிறது? பஞ்சு உடம்பு நனைந்தால் டம்மி ஊறிப் பாழாகிவிடும். துப்பட்டாவை எடுத்துப் போர்த்தப் பார்த்தாள், போதவில்லை. சட்டென்று ஒரு கருநீலம் குறுக்கே வந்து டம்மியின் தோளில் விழுந்தது.

“உனக்கில்ல” என்றான் அவசரமாக. “அந்த அம்மாவுக்கு. பாவம், தலை இல்லாதவங்களுக்கு ஜலதோஷம் புடிச்சா கஷ்டம்.”

“உங்களுக்குக் கோட்டு வேணாமா?”

“இன்னிக்கு எனக்கு ட்ரெய்னிங் கிளாஸு. நாளைக்குத்தான் டூட்டி. காலையில இதே வண்டியில கொண்டாந்துடு. கோட்டு இல்லன்னா கேட்ல உட மாட்டான்.”

மழையில் நனைந்துகொண்டே ஓடினான். அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் கோட்டைப் பார்த்தாள். எதை அதிக நேரம் பார்த்தாள் என்பதை நான் சொல்லி உங்கள் மனத்தைப் புண்படுத்துவானேன்.

மாடிக்கு வந்ததும் கோட்டைத் திருப்பிப் போட்டாள். அக்குளில், கருநீலத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கட்டம் போட்ட லுங்கித் துணியில் பெரிய சதுரமாக ஓர் ஒட்டு. இரண்டு பக்கமும். கைத்தையல், கோணல்மாணல். அந்தச் சதுரம்தான் கையைத் தூக்கும்போது விரிந்து கொடுத்திருக்கிறது!

தைத்ததைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பிரித்தாள். அக்குளைப் பிரித்தால் கை வந்தது, கையைப் பிரித்தால் தோள் வந்தது. சாயங்காலத்துக்குள் கோட்டு துண்டு துண்டாக மேஜையில் கிடந்தது. திரும்பத் தைத்துவிடலாம் என்று உட்காரும்போது கரண்ட் போயிற்று. போனது வரவில்லை. ‘காலையில முதல் வண்டிக்கு வந்து தச்சுடலாம்.’

முதல் வண்டிக்கு வந்தாள்தான். ஆனால் வழக்கமான வண்டியில் அவளைத் தேடிக் காணாத துளசிராமன், பொம்மை தூக்கி வந்த பெண்ணை விசாரித்துக்கொண்டு மாடி ஏறி வந்தபோது, ஒரு கை மட்டுமே ஒட்டியிருந்தது.

“கோட்டு எங்க?”

அவள் மேஜையைக் காட்டினாள்.

அவன் கட்டம் போட்ட சதுரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தான். சிரிக்கத் தயாராக இருந்த கண்கள் எங்கேயோ போய்விட்டிருந்தன.

“இது எங்கம்மா போட்ட ஒட்டு.”

“துணிதானே சார்... தச்சா ஒட்டிக்கும்!” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஒட்டிக்கும்மா. ஆனா கேட்டுக்கினு பிரிக்கணும்.”

“இன்னும் அரை மணி நேரம் குடுங்க...”

“வேணாம்.”

துண்டுகளை அள்ளி ஒரு கேரி பேக்கில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனான். கட்டிங் மாஸ்டர் ஜெரால்ட் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “நல்லா கீதும்மா. டம்மி வாங்கியாரச் சொன்னா, ஒரு மனுசனையே பீஸ் போட்டு அனுப்பிக்கிற.”

அன்று அவனைக் கேட்டில் உள்ளே விடவில்லை, மெமோ கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவன் கடன் வாங்கிய கோட்டோடு வேறு பெட்டியில் ஏறினான்.

சாராள் அழுதாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் அழவில்லை. பிரித்தபோதே காகிதத்தில் வரைந்து வைத்திருந்த அளவை எடுத்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான டாப்பு ஒன்று தைத்தாள். அக்குளில் அதே சதுரம், டாப்பின் நிறத்துக்கு எதிர் நிறத்தில், ஒளிக்காமல். மெஷினில் உட்காரும் பெண்கள் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார்கள். டாப்பு ஏறவில்லை. திரும்பத் தூக்கினார்கள். ஏறவில்லை!

மேடத்தின் முகம் மலர்ந்தது. சாராளின் முகம் மலரவில்லை. ‘கேட்டுக்கினு பிரிக்கணும்’ என்று அக்குளிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் மலர முடியும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், ஊசி நூலைப் பையில் போட்டுக்கொண்டு துளசிராமன் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். விலாசம் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? பொன்னேரி ஷேர் ஆட்டோவில் கிடைக்காத விலாசமும் உண்டா?

திண்ணையில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா கெங்கம்மாள் முறத்தை இறக்காமலே கேட்டாள்.

“நீதான் என் ஒட்டைப் பிரிச்சவளா?”

“ஆமாம்மா.”

“கோணலா இருந்துச்சுன்னு பிரிச்சியா?”

“கோணல்தாம்மா. ஆனா அந்தக் கோணல்லதான் விஷயமே இருக்குது. எவ்ளோ பெரிய கிழிசலு?”

“கிழிசலா? சுண்டு விரல் அளவு. சின்னதா வெட்ட யாருக்குப் பொறுமை கீது... பெருசா வெச்சுத் தச்சு உட்டேன். ஒரு பக்கம் வெச்சா வித்தியாசமாத் தெரியுமேன்னு மறுபக்கமும் வெச்சேன்.”

சாராள் சிரித்தேவிட்டாள். கெங்கம்மாளுக்கும் உதடு துடித்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“எந்த ஊரு? யார் ஊட்டுப் பொண்ணு?”

“மீஞ்சூரும்மா. சர்ச்சுக்குப் பின்னால. எங்க தாத்தா அந்தக் காலத்துல இந்தப் பக்கம்தான் அறுப்புக்கு வருவாராம்.”

சொல்லாமலும் இருந்திருக்கலாம். சாராள் அப்படி இருக்கிற ஜாதியல்ல. முறம் ஒரு கணம் நின்றது. கெங்கம்மாள் எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் காகிதக் கப்பும் இருந்தது, எவர்சில்வர் டம்ளரும் இருந்தது. உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை... கடைசியில் டீ வந்தது எவர்சில்வரில். அதில் அதிகம் ஆச்சரியப்பட்டவள் கெங்கம்மாள்தான்.

“தை. கோணலா தச்சியோ, நான் பிரிச்சுடுவேன்.”

மழையில் நனைந்து வந்த துளசிராமன் கண்டது இதைத்தான்: தரையில் தன் கோட்டு, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவள். நூல் மட்டும் நடுவில்.

“உன்ன யாரு வரச் சொன்னது?”

“கேட்டுக்கினு பிரிக்கணும்னு சொன்னீங்களே... கேட்டுக்கினு தைக்கலாம்னு வந்தேன்.”

“யாரைக் கேட்டே?”

“ஒட்டு போட்டவங்கள.”

“நான் சரின்னுட்டேன்டா” என்றாள் கெங்கம்மாள். “நீ போய்த் தலையத் துவட்டு.”

கிளம்பும்போது சாராள் இன்னொன்றும் கேட்டாள். “இந்த ஒட்டை நான் ஒரு டாப்புல வெச்சுக்கிறேம்மா. உங்களைக் கேக்காமலே வெச்சுட்டேன். வேணாம்னா பிரிச்சுடுறேன்.”

“ஒட்டு போட்ட துணிய எவ டப்பு குடுத்து வாங்குவா? வெச்சுக்கோ, போ.”

வாங்குவதற்குத்தான் ஆள் இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த கடைக்காரர் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், ஆர்டர் போட்டார். டாப்பின் பெயர்தான் வம்பு. மேடம் வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்.

“இதுக்குப் பேரு ‘கெங்கா’ மேடம்.”

“கெங்காவா? யார் அது? இதெல்லாம் விக்காது சாரா.”

“விக்கலன்னா நான் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போறேன். ஆனா வேற பேர்ல இது வெளிய போக வேணாம்.”

குரல் உயரவில்லை, ஆனால் கையிலிருந்த சாம்பிளை அவள் மேஜையில் வைக்கவும் இல்லை. மேடம் அவளைப் பார்த்தார். ஜெரால்ட் மாஸ்டர் இருமினார். கடைக்காரர் வாட்சைப் பார்த்தார். டாப்பு ‘கெங்கா’ என்ற பெயரோடுதான் போயிற்று. பொங்கலுக்கு முன்னமே சாராளுக்கு வேலை நிரந்தரம் என்ற லெட்டரும் வந்தது.

அன்று மாலை வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தூறல் முகத்தில் அடித்தது; மூட மனமில்லை. எதிரே ஒரு கருநீலக் கை மேல்கம்பியைப் பிடித்தது.

“இன்னா, பொட்டி மாறி ஏறிட்டீங்களா?” என்றாள், நிமிராமலே.

“இத்தினி நாளா மாறி ஏறினேன். இன்னிக்குத்தான் சரியா ஏறினேன்.” கொஞ்ச நேரம் அவன் கம்பியோடு பேசுவதுபோல மேலேயே பார்த்தான். “தெனமும் காலையில நடுவுல கவரப்பேட்டையில எறங்கி, நீ இருக்கியான்னு பாத்துட்டுத்தான் திரும்ப ஏறுவேன்...”

“தெரியும். போன வியாழக்கிழமை ஏற முடியாம வண்டிய உட்டுட்டு நின்னீங்க. பேஜாராப் போச்சா?”

“பாத்துக்கினுதான் இருந்தியா?”

“ஜன்னலோரம் எதுக்கு உக்காந்துக்கிறேன்னு நெனச்சீங்க?”

அவன் சிரித்தான். கண்கள் திரும்பி வந்துவிட்டிருந்தன. அப்புறம் சிரிப்பு அடங்கி, குரலும் அடங்கியது.

“சாரா... அன்னிக்குக் கோட்டைப் பொம்மைக்குக் குடுத்தேன்ல? உனக்குக் குடுக்கத்தான் கழட்டினேன். பாதியில தைரியம் போயிடுச்சு.”

வண்டியின் இரைச்சலில் பக்கத்திலிருந்த அம்மாளுக்குக்கூட அது சரியாகக் கேட்கவில்லை என்பது அந்த அம்மாளின் தீராத மனக்குறை. ஆனால் சாராளின் பதில் நன்றாகக் கேட்டது.

“எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா வேலைய உட மாட்டேன், பேரை மாத்த மாட்டேன், சர்ச்சுக்குப் போறதையும் உட மாட்டேன். இதெல்லாம் சரின்னா, எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க. எதையுமே கேட்டுக்கினுதான் செய்யணும்... இல்ல?”

“வர்றேன்” என்றான். “அம்மாவையும் கூட்டினு வர்றேன்.”

மீஞ்சூர் வந்தது. எழுந்தவள், ஜன்னலோர இடத்தில் தன் பையை வைத்து, அவன் உட்காரும்வரை யாரையும் நெருங்கவிடவில்லை. அவன் இறங்க வேண்டிய பொன்னேரி எப்போதோ பின்னால் போய்விட்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை ஊர் ஆயிரம் விதமாகச் சொல்லும். உள்ளது இதுதான். சாராளின் அப்பா ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு, பிறகு இளகினார். அந்த வருஷத்தில் அவர் பேசி வைத்த மாப்பிள்ளை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்து, கூட வேலை செய்த பெண்ணையே கட்டிக்கொண்டான். ஜெரால்ட் மாஸ்டர் திருப்பூருக்குப் போய்விட்டார். துளசிராமனுக்கும் சாராளுக்கும் பொன்னேரியில் பதிவுத் திருமணம், மீஞ்சூர் சர்ச்சில் ஜெபம். துளசிராமனின் அண்ணன் வரவில்லை, இன்றுவரை பேச்சும் இல்லை. இருவரும் கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கம்பெனி புது டம்மி வாங்கியதும், பழையது அவர்கள் வீட்டு ஜன்னலோரம் குடியேறிவிட்டது.

கல்யாணத்தன்று அவன் வீட்டிலிருந்து கெங்கம்மாள் மட்டும் சர்ச்சுக்கு வந்தாள். மருமகள் தைத்த ரவிக்கை, அக்குளில் கட்டம் போட்ட சதுரம். ஜெபத்தில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். அவளுக்கு ஜெபம் தெரியாது. ஆனால் எல்லோரையும்விட உயரமாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் இறக்கிய பிறகும் இறக்காமல், யார் யார் கவனிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரவிக்கை இம்மிகூட ஏறவில்லை.