இருபத்தோரு பலகைப் பாலம்

துருவியின் அம்மா ரத்தம் எடுப்பவர். பயப்பட வேண்டாம், பரிசோதனைக் கூடத்தில்தான். காலை ஏழு மணிக்கே வரிசையாக வந்து உட்காருபவர்களின் கையில் ஊசி போட்டு, குட்டிக் குழாயில் ரத்தம் பிடித்து, பஞ்சு வைத்து அனுப்புவது அவர் வேலை.

துருவிக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர் உண்டு. அதை ஆசிரியர்களைத் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை.

சனிக்கிழமை மாலை மாமா ஒரு வீடியோ கேம் அனுப்பியிருந்தார். அம்மாவும் மாமாவும் சின்ன வயதில் விளையாடிய பழைய கேம்தான். புதுக் கருவிகளிலும் ஆடும்படி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். ஓர் அணில் விளக்கைத் தூக்கிக்கொண்டு இடமிருந்து வலமாக ஓடும், குதிக்கும், விழும். அவ்வளவுதான்.

"புள்ளி புள்ளியா இருக்கே, இதுவாம்மா அணில்?"

"வாலைப் பாரு. அணில்தான்" என்றார் அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

நாலாவது கட்டத்தில் ஒரு பாலம் வந்தது. மொத்தம் இருபத்தோரு பலகைகள். அணிலின் கால் பட்டதுமே பலகை கழன்று விழும். விழுவதற்குள் அடுத்ததற்குக் குதிக்க வேண்டும்.

"எங்க தெருவுலயே இதைத் தாண்டினது நான் ஒருத்திதான். பாலம் வந்துட்டா உன் மாமா கன்ட்ரோலரை என் கையில திணிச்சுட்டு ஒதுங்கிடுவான். இப்பப் பாரு!"

துருவி பார்த்தாள். அணில் மூன்றாவது பலகையில் விழுந்தது. மறுபடி மூன்றாவது. பிறகு இரண்டாவது. இருபது தடவை விழுந்த பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்.

"இதுல பின்னாடி ஓட்டற பட்டன் இருக்கும்மா. விழறதுக்கு முன்னாடி போயிடலாம்."

"ஊசியைப் பின்னாடி ஓட்ட முடியுமா? விழுந்தா விழுந்ததுதான். நீ ஆடு."

துருவி ஆடினாள். நாலாவது முயற்சியில் பாலத்தைத் தாண்டிவிட்டாள்! சோபாவில் ஏறிக் குதித்தாள். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனார்.

மறுநாள் காலையில் அம்மா போனில் மாமாவுடன் பேசிக்கொண்டிருந்தார். காய் நறுக்கிக்கொண்டே பேசியதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஆகவே துருவி ஒட்டுக்கேட்டாள் என்று சொல்ல முடியாது.

"கை முன்ன மாதிரி இல்லடா. வியாழக்கிழமை ஒருத்தருக்கு ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சு. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடப்போறேன். ஊசி வேலை வேண்டாம், பதிவு மேசைக்கு மாத்திடுங்கன்னு."

"ஒரு அணில் விழுந்ததுக்கா அக்கா?"

"விழுந்தது என் விரலாலடா. துருவி ஜம்முன்னு தாண்டறா."

துருவிக்குத் திக்கென்றது. சோபாவில் ஏறிக் குதித்தது நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது. அம்மாவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் 'உன் கை நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிப் பயனில்லை. அம்மா பரிசோதனைக் கூடத்து ஆள். ரிசல்ட் வந்தால்தான் நம்புவார்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை ஆடு. நான் டிவியைப் பார்க்க மாட்டேன்."

"வேற எதைப் பார்ப்பே?"

"உன் கட்டைவிரலை."

அம்மா வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். துருவி டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பட்டன் 'டக்' என்றது. முதுகுக்குப் பின்னால் அணில் 'பொய்ங்' என்று குதித்தது. மறுபடி டக். பொய்ங். இரண்டுக்கும் நடுவில் கண் சிமிட்டும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. எத்தனை தடவை கேட்டாலும் இருந்தது.

"அம்மா, நீ சரியாத்தான் அழுத்தறே. அணில்தான் லேட்டாக் குதிக்குது!"

"சும்மா சமாதானம் சொல்லாதே."

துருவி டிவிக்குப் பக்கத்தில் நின்ற கேம் கருவியைத் தாங்கியிலிருந்து உருவினாள். அதிலேயே ஒரு சின்னத் திரை உண்டு. "இப்ப டிவி வேண்டாம். இதைக் கையில வச்சு ஆடு."

இந்த முறை டக்கும் பொய்ங்கும் ஒன்றாகக் கேட்டன. மூன்றாவது பலகை. நாலாவது. பத்தாவதில் அம்மாவின் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது... அணில் அக்கரையில் நின்று விளக்கை ஆட்டியது.

துருவி கைதட்டினாள். அம்மா தட்டவில்லை.

"ஒரு தடவைன்னா தற்செயலா இருக்கும். திரும்பப் பார்க்கணும்."

பார்த்தார். மூன்று தடவையும் தாண்டினார்.

"அப்போ நீ மட்டும் எப்படி டிவியில தாண்டினே?"

துருவி யோசித்தாள். "நான் பொறந்ததுலேருந்து இந்த டிவியிலதானேம்மா கேம் ஆடறேன்! என்னை அறியாமலே கொஞ்சம் முன்னாடி அழுத்தறேன்போல."

இருவரும் டிவியின் மெனுவைக் குடைந்தார்கள். ஏழாவது பக்கத்தில் 'விளையாட்டு முறை' என்று ஒன்று இருந்தது. படத்துக்கு மெருகேற்ற நேரம் எடுப்பதால் தாமதம் ஏற்படும், இதைப் போட்டால் குறையும் என்று கீழே எழுதியிருந்தது.

"மெருகேத்தறதுக்காகவா என் அணிலைக் கொன்னே?" என்று அம்மா டிவியைக் கேட்டார். போட்டதும் படம் கொஞ்சம் வெளுத்தது. அணில் சொன்ன நேரத்தில் குதித்தது.

துருவிக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. "வியாழக்கிழமை ஏம்மா ரெண்டு தடவை குத்தினே?"

அம்மா கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "அவர் பயத்துல கையை இழுத்துட்டார். எனக்கு அப்பவே தெரியும். அணில் விழுந்ததும் அதையும் என் கணக்குலயே சேர்த்துக்கிட்டேன்."

திங்கட்கிழமை மாலை மாமாவின் போன் வந்தது.

"மேனேஜர்கிட்ட பேசினியா அக்கா?"

"பேசினேன்டா."

"பதிவு மேசைதானா?" மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லடா. சின்னக் குழந்தைங்க வந்தா என்கிட்டயே அனுப்புங்கன்னு கேட்டுக்கிட்டேன். அவங்க நரம்பு நூல் மாதிரி இருக்கும், மத்தவங்க தயங்கறாங்க. இன்னிக்கு மூணு பேர் வந்தாங்க. யாருக்கும் ரெண்டாவது தடவை குத்தல."

அம்மாவின் குரலில் கொஞ்சம் பெருமை கூடுதலாகவே இருந்தது. இருக்கட்டும் என்று துருவி விட்டுவிட்டாள்.