செகண்ட் ஹேண்ட் ஓனர்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஒட்டன்சத்திரம் புறவழிச்சாலையில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஓனர் சந்தைக்கு முந்தி வருகிற வண்டிக்குத்தான் நல்ல ஓனர் அமையும். வெயில் ஏறி வருகிற வண்டிக்கு இருமுகிறவனும் மூட்டுப் பிடித்தவளும்தான் மிச்சம்.

தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்த ஓனர்களுக்குத் தரகர்கள் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நரைக்கு மை, வெளிறிய உதட்டுக்கு வெற்றிலை, ஒட்டிய கன்னத்துக்கு உள்ளே பஞ்சு உருண்டை. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்த ஆளைப் பார்த்தால் பெற்ற தாய்கூட யாரோ என்று நினைத்து விலை கேட்பாள்.

எல்லாம் ஒரு பழைய சட்டத்தால் வந்த வினை. வண்டிகளுக்கு ஓட்டறிவு வந்தது. தாமே ஓடின, தாமே வாடகை பேசின, தம் பெயரிலேயே வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டன. அதற்குமேல் சாலையில் மனிதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் ‘உயிருள்ள உரிமையாளர் இல்லாமல் எந்த வாகனமும் ஓடக்கூடாது’ என்று எந்தக் காலத்திலோ எழுதிய ஒரு வரியை நீக்க யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே வண்டிகள் ஓனர் வாங்க ஆரம்பித்தன. வசதியான பேருந்துகள் இருபது வயதில் புத்தம் புதிதாக எடுத்தன. காய்கறி வண்டி, தண்ணீர் வண்டி போன்ற கஷ்ட ஜீவன்கள் இங்கே வந்து செகண்ட் ஹேண்டில் பார்த்துக்கொண்டன.

பழைய வண்டி கழித்துவிட்ட பிறகு பொன்னுரங்கத்துக்கு இது மூன்றாவது சந்தை. மூன்றிலும் விலை போகாதவனைச் சாயங்காலம் காயலாங்கடை லாரி ஏற்றிக்கொண்டு போகும். அங்கே கண்ணுக்குத் தனி விலை, கிட்னிக்குத் தனி விலை.

“ஏய்யா, போன வாரம் அந்தக் கரூர் சிமெண்டு வண்டி முன்னாடி வேணும்னுதான இருமுன?” என்றான் தரகன் இன்னாசி, மை பூசியபடி.

“கரூர் ரோடு எனக்கு ஆகாது இன்னாசி. பழனி ரோட்டுல ஓடுற வண்டியாப் பாரு.”

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கால்ல பேசுற! இன்னிக்கு நீ போகலைன்னா உன் கண்ணு மட்டுந்தான் பழனி போகும், தெரியுமா?”

தெரியும். ஆனால் பழனி ரோட்டில்தான் குருவம்மாள் இருந்தாள். போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் ‘காமாட்சி’ என்ற பால் டேங்கர் அவளை வாங்கிக்கொண்டு போனது. ஜோடியாகக் கொடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. ஓடுவதற்கு ஒரு ஓனர் போதும், இரண்டாவதற்கு எதற்குத் தீனி என்று டேங்கர் சொல்லிவிட்டது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த பெண்டாட்டியைச் சாலையில் எதிரும் புதிருமாகவாவது பார்த்துவிட வேண்டும். அவனுக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

இருதயத்தின் வால்வு ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இன்னாசி ஒருவனுக்குத்தான் சொல்லியிருந்தான். நெஞ்சுக்குள் பதித்திருந்த துடிப்புமானியை இன்னாசி ஏற்கெனவே பத்து வருஷம் பின்னால் திருப்பி வைத்துவிட்டான்.

ஏழு மணிக்கு ஒரு காய்கறி வண்டி வந்து நின்றது. நெற்றியில் ‘மருதமலையான்’ என்று பெயர். ஒரு பக்க விளக்கு உடைந்து, அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.

“வாங்க, வாங்க. எந்த லைன்ல ஓடுறீங்க?” என்றான் இன்னாசி.

“பழனிக்குத்தானுங்க. தக்காளி, முருங்கைக்காய்.”

பொன்னுரங்கம் நிமிர்ந்து நின்றான். இன்னாசி அவன் முதுகில் தட்டினான். “இதைப் பாருங்க. ஒரே கை. ஒரு வாத்தியார் வண்டியில இருந்த ஆளு. அடிபட்டது கிடையாது. ஒரு ஸ்க்ராட்ச் காட்டுங்க, சும்மாவே தர்றேன்.”

மருதமலையான் தன் உணர்கரத்தை நீட்டி அவன் நெஞ்சைத் தொட்டது. “உடம்பு சூடா இருக்குதே. நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டியாப்பா?”

பொன்னுரங்கத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. வண்டி வாங்கப் போனால் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் நம்பாதே, ஆறின இன்ஜின்தான் கோளாறைக் காட்டும் என்று வாலிபத்தில் அவனே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறான். அதனால்தான் இன்னாசி விடியற்காலையில் அவனை எழுப்பிச் சுக்குக் கஷாயம் கொடுத்து, காலை இருமல் முழுவதையும் இருமித் தீர்க்க வைத்திருந்தான்.

“சாமி கும்பிட்டு அங்கப்பிரதட்சணம் பண்ணுனானுங்க. பக்தியான ஆளு” என்றான் இன்னாசி, கண் இமைக்காமல்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?”

கொட்டகையைச் சுற்றி ஓடவிட்டார்கள். பின்பக்கம் வண்டியின் பார்வை எட்டாத இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பக்கம் வரும்போது மட்டும் குதிரை மாதிரி வந்தான். வண்டிக்குத் திருப்தி.

இன்னாசி துண்டை எடுத்து உணர்கரத்தின்மேல் போர்த்தி, அதற்குள் கையை விட்டு விரல்களை அழுத்தினான். விற்கப்படுகிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பது சந்தை வழக்கம். தெரிந்தால் சாப்பாடு அதிகம் கேட்பான். துண்டுக்குள் பத்து நிமிஷம் பாம்பும் கீரியும் சண்டை போட்டன. கடைசியில் கால் பங்கு ரொக்கம், மீதி பைனான்ஸ் என்று முடிந்தது. பைனான்ஸ்காரன் வந்து பொன்னுரங்கத்தின் பிடரியில் முத்திரை குத்தினான். தவணை தவறினால் அவனைச் சீஸ் பண்ணிவிடுவார்கள்.

அவன் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மிதித்து நசுக்கிவிட்டு வண்டியில் ஏறினான்.

வண்டி வாழ்க்கை பழகிவிட்டது. இருக்கையில் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் நாடிக்கயிறு சுற்றிக்கொள்ளும். நாடி இருந்தால் வண்டி ஓடும், நின்றால் வண்டியும் நிற்கும். எப்படித் துடிக்கிறது என்று ஆராய்கிற உயர்ரகக் கயிறு பேருந்துகளுக்குத்தான் கட்டுபடியாகும். மருதமலையான் வாங்கிப் போட்டது, துடிக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற மலிவு ரகம். அது பொன்னுரங்கத்தின் அதிர்ஷ்டம்.

பராமரிப்பிலும் வண்டி கெட்டிதான். இரண்டு வேளை கஞ்சி. மாத்திரை கம்பெனி சரக்கு கிடையாது, லோக்கல். பல் வலிக்கிறது என்றால், “ஓடுறதுக்குப் பல்லு எதுக்குப்பா? அடுத்த சர்வீஸ்ல சேத்துப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிடும்.

ஆனால் சத்திரப்பட்டிக்கு அருகிலிருந்த சார்ஜ் நிலையத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது காமாட்சி பக்கத்தில் வந்து நின்றது. வண்டிகள் மின்சாரம் குடித்து முடிக்கும் வரை ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு.

“இளைச்சுப் போயிட்டியே” என்பாள் குருவம்மாள்.

“நீ ஊதிப் போயிருக்க.”

“தீனி நல்லாப் போடுறா” என்று சிரித்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. கிட்னி. டேங்கருக்கு இன்னும் தெரியாது. வீக்கத்தைச் சதை என்று நினைத்து அது பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லிடாத” என்றாள்.

“நீயும் என் நெஞ்சைப் பத்திச் சொல்லிடாத.”

புரட்டாசியில் ஒருநாள் முருங்கைக்காய் லோடோடு போகும்போது பொன்னுரங்கத்துக்குக் கண் இருட்டியது. நாடி ஒரு கணம் தப்பியது. வண்டி நடுரோட்டில் நின்று, பின்னால் வந்த லாரியிடம் வசவு வாங்கி, மறுபடி கிளம்பி நேரே வைத்தியசாலைக்குப் போனது. ஊரில் அதை ஒர்க்‌ஷாப் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து எஸ்டிமேட் எழுதினார்.

“வால்வு மாத்தணும். உள்ள திறந்தா வேற எதெது போயிருக்கோ, அப்பத்தான் தெரியும்.”

மருதமலையான் எஸ்டிமேட்டைப் படித்தது. முன்விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

“இவ்வளவு செலவு பண்ணி இதை ரெடி பண்றதுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டா வேற ஒண்ணு எடுத்தறலாம்ங்களே.”

கட்டிலில் படுத்திருந்த பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட அவனுக்குப் புதிது இல்லை.

இனி வண்டி எடுக்கப்போகும் முடிவும் அவனுக்குத் தெரியும். சந்தைக்குக் கொண்டுபோனால் அடிமாட்டு விலை. அதனால் விஷயம் தெரியாத எவன் தலையிலாவது எக்ஸ்சேஞ்சில் கட்டும். அப்படித்தான் நடந்தது. நெஞ்சு அடங்கியிருக்க ஒரு ஊசி போட்டு, முகத்துக்குக் கொஞ்சம் எண்ணெயும் தடவினார்கள். மூன்றாம் நாள் சார்ஜ் நிலையத்தில் காமாட்சி வந்து நின்றது. அதன் ஜன்னலில் குருவம்மாள் முகம் மஞ்சள் பூசி மினுங்கியது. டேங்கருக்கும் கிட்னி விஷயம் தெரிந்துவிட்டது, தள்ளிவிடத்தான் இந்தப் பூச்சு என்று அவனுக்குப் புரிந்தது.

“அக்கா, நல்லாருக்கீங்களா?” என்றது மருதமலையான். “எனக்கொரு யோசனை. நம்ம ரெண்டு ஓனரும் புருசன் பொண்டாட்டி. பிரிச்சு வெச்சிருக்கறது பாவமில்லீங்களா?”

பொன்னுரங்கத்தின் நெஞ்சு, ஊசியையும் மீறித் துள்ளியது. ஒரே வண்டி, இரண்டு இருக்கை. எதிரில் குருவம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

“நானும் அதைத்தான் தம்பி நெனச்சேன்” என்றது காமாட்சி. “ஆனா ஜோடியா வெச்சுத் தீனி போட என்னால முடியாது. உன்னால முடியுமா?”

“அய்யோ, எனக்கே இன்னும் தவணை முடியலீங்களே.”

“அப்ப மாத்திக்கலாம். உன்னுது எனக்கு, என்னுது உனக்கு. பழகுன ரோடு, பழகுன குடும்பம். வெளி ஆளை எடுத்து ஏமாந்து போறதுக்கு இது தேவலை.”

இரண்டு வண்டிகளும் கொஞ்ச நேரம் பாவத்தை மறந்து மின்சாரம் குடித்தன. பிறகு மருதமலையான் குரலைத் தாழ்த்தி, உள்ளே கேட்டது.

“ஏப்பா, அது உம் பொண்டாட்டிதான? நெசத்தைச் சொல்லு. எதாச்சும் கோளாறு இருக்குதா?”

உண்மையைச் சொன்னால் மாற்றம் நின்றுவிடும். நின்றால் டேங்கர் அவளை எங்கே கொண்டுபோகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வெளியே வந்தது இன்னாசியின் குரல்.

“கோளாறா? ஒரு தலைவலின்னு படுத்தது கிடையாதுங்க. ஒரே கை. உடம்பைப் பாருங்க, எப்படி இருக்கா! கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

அந்தப் பக்கம் காமாட்சியும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். குருவம்மாள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வரி மட்டும் காற்றில் வந்தது. “கல்லைத் தின்னாலும் செரிக்குங்க அந்த மனுசனுக்கு.”

துண்டு போர்த்த அங்கே தரகன் இல்லை. உணர்கரங்கள் வெட்டவெளியிலேயே தொட்டுக்கொண்டன. நாடிக்கயிறுகள் அவிழ்ந்தன. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் எண்ணெய் படிந்த சிமெண்டுத் தரையில் அவர்கள் இறங்கி நடந்தார்கள். பாதி வழியில் குருவம்மாள் அவன் கையைப் பிடித்தாள். பின்னாலிருந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. கையை விட்டாள்.

“இடது பக்கம் ஸ்பிரிங் குத்தும். சாஞ்சு உக்காரு” என்றாள்.

“கஞ்சிக்கு உப்பு கேட்டு வாங்கிக்க. அவனாப் போட மாட்டான்.”

மருதமலையான் தழுதழுத்தது. “விக்க மனசே இல்லீங்க்கா. வண்டியில ஒரு பாகம் மாதிரி வெச்சிருந்தேன்.” அதன் ரேடியேட்டரிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர்கூட விழுந்தது. பொன்னுரங்கம் தன் பழைய காரை விற்ற நாளில் பானெட்டைத் தடவிக்கொண்டு, வீட்டில் ஒருத்தன் மாதிரி என்று இதே குரலில்தான் சொன்னான். அன்று சாயங்காலமே புதுக் கார் வந்து, தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள்.

டேங்கரில் ஏறினான். இருக்கையில் அவள் சூடு இன்னும் இருந்தது. அவன் காலடியில் எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு வந்தது. மிதித்தான். மருதமலையான் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனது, ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில். காமாட்சிக்கும் அதே சந்தோஷம்.

“பழசு வாங்குறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, தெரியுமா?” என்றது காமாட்சி, ரோட்டுக்கு ஏறியபடி. “விக்கிறவன் பேச்சை மட்டும் நம்பவே கூடாது. வீட்டு ஆளுகிட்டக் கேக்கணும். அவங்கதான் பொய் சொல்ல மாட்டாங்க.”

“ஆமாங்க” என்றான் பொன்னுரங்கம். ஊசியின் வேகம் குறைந்துகொண்டு வந்தது. தொண்டையில் இருமல் ஒன்று வந்து நின்றது. எதிரில் மேடு தெரிந்தது. ஸ்பிரிங் குத்தாமல் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.