நாற்பத்தொரு ஊர்ப்பெயர்கள்

காலை ஒன்பது ஐந்துக்கு நூலகர் கதவைத் திறந்தார். ஒன்பது பத்துக்கு எபிரேயப் பேராசிரியர் தம் தம்பிக்குப் போன் போட்டார்.

"நாப்பத்தொரு அட்டையைக் காணோம்டா! உடனே கிளம்பி வா."

பைபிளில் வரும் எபிரேய ஊர்ப்பெயர்கள் அறுநூறுக்கு, அட்டைக்கு ஒன்றாக விளக்கம் எழுதி, நூலக இழுப்பறையில் அடுக்கிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார் பெரிய வாத்தியார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த பேராசிரியரின் ஊர்ப்பெயர்ப் புத்தகம் அச்சுக்குக் காத்திருந்தது. மாலை நான்கு மணிக்குப் பதிப்பாளர் வந்து அட்டைகளோடு ஒத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

தம்பி ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். போலீஸைக் கூப்பிட்டால் கல்லூரியின் மானம் போகும். தம்பியைக் கூப்பிட்டால் ஒரு காபியோடு போகும் என்று நினைத்திருந்தார் அண்ணன்.

"எல்லாம் அந்த டைப்பிஸ்ட் வேலைதான். முதல்ல அவ பையைப் பாரு."

அப்பா போனபின் படிக்கவைத்து ஆளாக்கிய அண்ணன் சொன்னால் தம்பிக்கு அது வேதவாக்கு. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, டைப்பிஸ்ட் அம்மாவின் பையை மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, மாத்திரைகள், மாற்றிக்கொள்ள வைத்திருந்த உள்ளாடை, மடித்த தாள் ஒன்று. தாள் முழுக்க எபிரேய எழுத்துகள்.

"பார்த்தியா! களவாணிக்குப் படிப்பு வேற!" என்றார் அண்ணன்.

வேலை செய்பவர்களின் மற்றப் பைகளையும் பார்த்தாயிற்று. அட்டைகள் இல்லை.

முதலில் செய்திருக்க வேண்டியதை அதன் பிறகுதான் தம்பி செய்தார். நூலகரோடு உட்கார்ந்து, பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகச் சரிபார்த்தார். முடிக்கையில் மணி பதினொன்று இருபது. இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவப்பட்டிருந்தன, மொத்தம் நாற்பத்தொன்று.

"அகராதியில கிடைக்கிற ஊர் எதையும் தொடலை," என்றார் நூலகர். "பெத்தேல்னா தேவனுடைய வீடு, அது அப்படியே இருக்கு. பெரிய வாத்தியார் தானா மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சதுதான் போயிருக்கு."

தம்பி டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனார்.

"இந்தத் தாள் எதுக்கு?"

"அட்டையைப் பார்த்து எழுத்துப் பழகினேன் சார். நாலு வருஷமா அந்தப் பேருங்களைத்தான் டைப் பண்றேன். ஆகோர்னா கலக்கம். ஆகான் திருடிக் கூடாரத்துக்குள்ள புதைச்சானே, அவனைக் கல்லெறிஞ்ச பள்ளத்தாக்கு. அர்த்தம் தெரிஞ்சாச்சு, எழுத்தையும் தெரிஞ்சுக்கலாம்னு ஆசை. தப்பா?"

"புத்தகத்துல பெரிய வாத்தியார் பேர் வருதா?"

"நான் போட்டேன். திருத்தி வந்தப்போ கோடு போட்டு அடிச்சிருந்தாங்க."

"யாரு?"

அந்த அம்மாள் பேராசிரியரின் நாற்காலியைப் பார்த்தார்.

மணி பன்னிரண்டு.

"அண்ணே, எண்ணி முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கதவு திறந்த அஞ்சாவது நிமிஷம் போன்ல நாப்பத்தொன்னுன்னு சொன்னீங்களே, எப்படி?"

அண்ணன் காலால் எதையோ நாற்காலிக்கடியில் தள்ளினார்.

"எல்லார் பையையும் பார்த்தேன். உங்க பையைப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

நாற்காலிக்கடியில் இருந்த தோல்பையில், இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பெரிய வாத்தியாரின் கையெழுத்தும் தேதியும். பதிப்பாளர் கண்ணில் அவை பட்டால் விளக்கங்கள் யாருடையவை என்று தெரிந்துவிடும். டைப்பிஸ்ட் திருடி என்று ஆகிவிட்டால் பெயரை அடித்தது பற்றி அவர் என்ன சொன்னாலும் எடுபடாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"நான் போட்ட சோத்தைத் தின்னவன்டா நீ," என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. அந்த நன்றிக்குத்தான் காலைல அவங்க பையைக் கவுத்தேன்."

தம்பிக்கு வெட்கத்தில் காது சுட்டது. திருடியது அண்ணன்தான். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு பெண்ணின் உள்ளாடையை எட்டுப் பேர் பார்க்க மேஜையில் கொட்டியது தம்பியின் கை. டைப்பிஸ்ட் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சுடுங்கம்மா."

"காலைல எட்டுப் பேர் இருந்தாங்க சார். அவங்க முன்னாடி சொல்லுங்க."

தம்பியே ஒவ்வோர் அறையாகப் போய்க் கூப்பிட்டார். ஏழு பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி தொண்டையைச் செருமினார்.

"இருங்க," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "தோட்டக்காரர் இன்னும் வரல. அவரும் பார்த்தாரு."

தோட்டக்காரர் கை கால் கழுவிக்கொண்டு வந்து சேரும்வரை, தம்பி அத்தனை பேர் முன்பும் தலை குனிந்தபடி நின்றார்.